ஜெனரல் ஷிப்டுக் கோழி

காவேரி கோழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாளைப் போட்டாள். வாசலில் பறை உச்சத்தில் இருந்தது. பந்தலுக்குக் கீழே ஐஸ் பெட்டியில் அவள் புருஷன் புருஷோத்தமன் படுத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அழவேண்டியவள், இங்கே வாளித் தண்ணீரில் ஹீட்டரைப் போட்டுவிட்டு எப்போது சூடேறும் என்று துடித்துக்கொண்டிருந்தாள்.

“காவேரி! உள்ள இன்னா பண்ணிக்கினு கீற?” கதவைத் தட்டியது சுப்பிரமணி, புருஷோத்தமனின் அண்ணன். கல்யாணமோ கருமாதியோ, வடக்குப்பட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். “மூணு மணிக்கு எடுக்கணும். கோழியக் குடு.”

“வவுறு சரியில்ல மாமா!”

“வவுறு சரியில்லன்னா கோழி எதுக்கு உள்ள?”

நியாயமான கேள்விதான்.

அன்று சனிக்கிழமை. சனிப் பிணம் தனிப் போகாது, துணைக்கு இன்னொரு உயிரைக் கூட்டிக்கொள்ளும் என்பார்கள். அதனால் பாடையின் கால்மாட்டில் ஒரு கோழியை உயிரோடு கட்டி அனுப்புவது வழக்கம். வீட்டில் ஆறு கோழிகள் இருந்தன. பறைக்கும் வெடிக்கும் பயந்து ஐந்து கோழிகள் ஊரை ஒட்டியிருந்த கம்பெனி காம்பவுண்டுப் பக்கம் ஓட்டம் பிடித்துவிட்டன. ஓடாமல் நின்றது ஒன்றுதான். “சாதுவா கீது, இத்தையே கட்டுங்க” என்று சுப்பிரமணி கைகாட்டிவிட்டார். சாதுவாவது மண்ணாவது! வாலைத் தொங்கப்போட்டு, நெஞ்சை நிமிர்த்தி, நின்ற இடத்திலேயே முக்கிக்கொண்டிருந்தது அது. முட்டை மாட்டிக்கொண்டுவிட்டது. காவேரி சொல்லியும் பார்த்தாள். “எப்படியும் சாவப்போற கோழிதான, நல்லதாப்போச்சு” என்றார். அப்போதுதான் அவள் கோழியைப் பறித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

புருஷோத்தமன் இருபது வருஷம் கம்பெனி பஸ் ஓட்டியவர். அவர் வளர்த்த கோழிகளுக்கும் ஷிப்டுப் பெயர்தான். விடியலில் முட்டையிடுவது ஏ ஷிப்ட், மத்தியானத்துக்கு மேல் இடுவது பி ஷிப்ட். காலை ஒன்பதானால் கூடையில் ஏறி உட்காருகிற இதற்கு ஜெனரல் என்று பெயர். நேற்று ஒன்பது மணிக்கு ஏறிய ஜெனரல் சாயங்காலம் வரை முட்டையிடவில்லை. ஒருதரம் வெந்நீரில் உட்காரவைத்துப் பார்த்தார். இன்று விடிந்ததும் மறுபடி அடுப்பில் தண்ணீர் வைத்தார்.

“கோழிக்கு வெந்நி, எனக்குக் காப்பி கெடையாதா? அத்தையே கட்டிக்கினு குடும்பம் நடத்து!” என்று காவேரி பாயில் படுத்தபடியே கத்தினாள்.

வழக்கமாக எகத்தாளமாக ஏதாவது பதில் வரும். வரவில்லை. எழுந்து போய்ப் பார்த்தபோது சமையலறை வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அடுப்பில் தண்ணீர் கொதித்துச் சுண்டிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அவர் காதில் விழுந்த கடைசிப் பேச்சு அதுதான். அந்த வெந்நீர் வேலையையாவது முடித்துவிட வேண்டும். ஜெனரல் பாடையில் போகக்கூடாது.

இதுநாள்வரை அவள் கோழியைத் தொட்டதில்லை. நாற்றம் என்பாள். ஆனால் அவர் வைத்தியம் பார்க்கும்போது சும்மா பார்க்கமாட்டார், வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே செய்வார். டிவி பார்ப்பதுபோல் உட்கார்ந்து அத்தனையையும் காதில் வாங்கியிருந்தாள். கொழந்தையக் குளிப்பாட்ற சூடு போதும். வவுத்த அமுக்காத, உள்ள ஒடஞ்சா கோழி அவ்ளோதான்.

ஹீட்டரை எடுத்துவிட்டு, மணிக்கட்டில் சூடு பார்த்து, கோழியை மார்பளவு தண்ணீரில் இறக்கினாள். ஒரு நிமிஷம் படபடத்துவிட்டு ஜெனரல் கண்ணை மூடிக்கொண்டது.

கால்மணி நேரம் போயிருக்கும். ஜன்னல் கம்பியில் ஒரு முகம் தெரிந்தது. பின்கட்டில் குடியிருக்கும் மாடத்தி. தென்காசிப் பக்கம் ஊர், கம்பெனி கேண்டீனில் சமையல்.

“யக்கா, என்ன செய்யுதிய? ஒங்கள அங்க தேடுதாவ.”

“தேங்காண்ண இருந்தா குடும்மா. கோழிக்கு.”

மாடத்தி மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாட்டில் கம்பிவழியாக வந்தது. “வெரசலா முடிங்க. அண்ணாச்சியக் குளிப்பாட்டி பாடைல வச்சிட்டாவ.”

கோழியை மடியில் வைத்து ஈரத்தைத் துடைத்து, விரலில் எண்ணெயைத் தோய்த்துப் பின்பக்கம் சுற்றிலும் தடவினாள். கொஞ்சம் உள்ளேயும் விட்டாள். கல்போல விரலில் இடித்தது. இருட்டு வேண்டும் என்பார் அவர். காவேரி தோளில் கிடந்த, பிறந்தவீட்டார் போர்த்திய புதுப்புடவையை உருவிக் கோழியின் தலையை மூடினாள்.

“வருதாக்கா?”

“மூச்சு வுடாத, கம்முனு இரு!”

கதவு அதிர்ந்தது. “காவேரி, ஒடைக்கப்போறேன்!”

“ஒடைங்க மாமா! போடு தாயி... ஏய் மாடத்தி, தெரியுதுடீ! நுனி தெரியுது!”

“யம்மா, வந்துட்டு, வந்துட்டு!” மாடத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்பினாள்.

கோழி ஒருமுறை உடம்பெல்லாம் நடுங்க முக்கியது. வழுக்கிக்கொண்டு வந்து காவேரியின் உள்ளங்கையில் விழுந்தது முட்டை. பெரிய முட்டை, ஓரத்தில் ஒரு கீற்று ரத்தம். ஜெனரல் எழுந்து சிலிர்த்து, புடவையை மிதித்துக்கொண்டு இறங்கிப் போனது.

காவேரிக்குத் தலைகால் புரியவில்லை. தாழ்ப்பாளை நீக்கினாள். எதிரில் நின்ற சுப்பிரமணியை இடித்துத் தள்ளினாள். அவிழ்ந்த தலைமுடியும் நனைந்த புடவையுமாக வீட்டைத் தாண்டி வாசலுக்கு ஓடினாள்.

“இன்னாங்க! ஜெனரல் போட்டுடுச்சுங்க!”

பறை நின்றது. இரண்டு மணி நேரம் பர்மிஷன் போட்டுக் கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். அவள் பாடையின் பக்கத்தில், முட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். புருஷோத்தமனின் நெற்றியில் திருநீறு ஈரமாக இருந்தது.

பின்னாலேயே வந்த சுப்பிரமணி கையிலிருந்த கயிற்றைப் பார்த்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். அப்புறம் யாரிடமோ மெதுவாகச் சொன்னார்: “கறிக்கடைல போயி ஒரு பிராய்லர் வாங்கியாந்துடு.”

அவர் முறத்தை எடுத்து அவள் முன்னால் பிடித்தார். வாய்க்கரிசி போடவேண்டும்.

காவேரி முட்டையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் அரிசியை அள்ளினாள்.