தோட்டா கிடைக்காத துப்பாக்கி

டுவைட்டின் கடைக்கு மெர்ல் போனது கொட்டகைக் கதவுக்குக் கீல் வாங்க. கீலை மறந்துவிட்டுத் திரும்பி வந்தார். தூண்டில் கம்புகளுக்கு அடுத்த மூலையில், பழைய துப்பாக்கிகளோடு ஒல்லியாக ஒன்று சாய்ந்து நின்றதுதான் காரணம். மெர்ல் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு செய்தது. வால்நட் மரத்தில் செய்த பின்கட்டை, பல பேர் கை பட்டு வழவழப்பாகியிருந்தது. இரும்பில் கருமை போய்ச் சாம்பல் நிறம் வந்திருந்தது. டுவைட் அதை எடுத்து நீட்ட, மெர்ல் இடது கையால் வாங்கினார். கனமே இல்லை.

மெர்லின் வலது தோளில் ஒரு தகடும் சில திருகுகளும் இருந்தன. அவருடைய பெரிய துப்பாக்கி சுடும்போது குதிரை மாதிரி உதைக்கும். அந்த உதையை இந்தத் தோள் தாங்காது என்று மிசூலா நகரத்து டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இடது தோளில் வைத்துச் சுட்டுப் பழகினார். இடது கண்ணுக்குத் தூரத்தில் இருப்பது மானா புதரா என்று தெரியவில்லை. இப்படியே மூன்று வேட்டைப் பருவங்கள் போய்விட்டன. அதற்கு முன், பதினான்கு வயதிலிருந்து ஒரு வருஷம்கூட மலையேறாமல் இருந்ததில்லை அவர்.

“இது தட்டிக்கொடுக்கிற மாதிரிதான் உதைக்கும்” என்றார் டுவைட். “ஆனா உனக்குத் தெரியாததில்ல. இது 303 சாவேஜ்.”

மெர்லுக்குத் தெரியும். பெயரைப் பார்த்து ராணுவத்து 303 தோட்டாவை வாங்கிவந்து ஏமாந்தவர்கள் உண்டு. அது இதற்குள் நுழையாது. இதற்கென்று இருந்த தோட்டாவைக் கடைகளில் பார்த்தே பல காலம் ஆகிறது.

“நம்ம பள்ளத்தாக்குல ஒரே ஒருத்தன்கிட்டதான் இருக்கு” என்றார் டுவைட்.

“அதுவும் தெரியும்” என்றார் மெர்ல். துப்பாக்கியை மூலையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

அந்த ஒருத்தர் கோர்டி. அவருடைய சித்தப்பா இதே ரகத் துப்பாக்கி வைத்திருந்தார். துப்பாக்கி ஒரு தீ விபத்தில் போய்விட்டது. தோட்டாக்கள் மட்டும் கோர்டியிடம் தங்கின. முன்பெல்லாம் கோர்டியும் மெர்லும் சேர்ந்து வேட்டைக்குப் போகாத வருஷம் கிடையாது. ஒரே கூடாரம், ஒரே அடுப்பு. கடைசியாகப் போனபோது, எல்க் மான் இறைச்சியை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கினார்கள். சாலையில் பனி உறைந்திருந்தது. வழுக்காமல் இருக்க டயருக்குச் சங்கிலி மாட்டு என்று மெர்ல் சொன்னார். அதற்குள் வீட்டுக்கே போய்விடலாம் என்று கோர்டி வண்டியை எடுத்தார். இரண்டாவது வளைவில் வண்டி கவிழ்ந்தது. கோர்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை. மெர்லின் தோள் வண்டிக்கும் பாறைக்கும் நடுவில் சிக்கியது. கோர்டி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை வந்தார். மழையைப் பற்றியும் விறகைப் பற்றியும் பேசினார். அதற்குப் பிறகு வரவே இல்லை. வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மெர்ல் காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து, எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

கீல் வாங்குவதாகச் சொல்லி மெர்ல் மறுபடியும் கடைக்குப் போனார். ஆணி வாங்க ஒருமுறை, ஒன்றுமே வாங்காமல் ஒருமுறை. ஒவ்வொரு தடவையும் துப்பாக்கியைக் கையில் எடுத்து, அடியிலிருக்கும் லீவரை இழுத்துத் திறந்து பார்த்து, மூடிப் பார்த்து, வைத்துவிட்டு வந்தார். வாங்கினால் தோட்டா வேண்டும். தோட்டா வேண்டுமென்றால் கோர்டியிடம் கேட்க வேண்டும். இணையத்தில் தேடினால் கிடைக்காதா என்று டுவைட் கேட்டுப் பார்த்தார். மெர்ல் ஏற்கெனவே தேடியிருந்தார். விற்றுத் தீர்ந்தது என்றே எல்லா இடத்திலும் போட்டிருந்தார்கள்.

அவர் மனைவி லோர்னாவுக்குப் பொறுமை போயிற்று.

“அந்தக் கொட்டகைக்கு இன்னும் எத்தனை கதவு மாட்டப் போற?” என்றாள் சாப்பாட்டு மேசையில். “வேணும்னா வாங்கு. வேணாம்னா விடு. நடுவுல நின்னு என் உயிரை எடுக்காத.”

மெர்ல் உருளைக்கிழங்கை முள்கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தார். 

மறுநாள் லோர்னா அவருக்குச் சொல்லாமல் கோர்டியின் வீட்டுக்குப் போனாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் கோர்டி உள்ளே போய் ஒரு பழைய சாக்லேட் டப்பாவை எடுத்து வந்தாராம். தோட்டாக்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. நீயே மெர்லிடம் நேராகக் கொடு என்று லோர்னா சொன்னதற்கு, முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு, டப்பாவைக் கொண்டுபோய் டுவைட்டின் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

டுவைட் மெர்லை வரவழைத்து, கடைக்குப் பின்னால் உள்ள புல்வெளிக்குக் கூட்டிப்போனார். மெர்ல் ஒரு தோட்டாவைப் போட்டு, அட்டை இலக்கைக் குறிபார்த்துச் சுட்டார். டுவைட் சொன்னது உண்மைதான், தோள் தாங்கியது. மெர்லின் முகம் மலர்ந்ததை டுவைட் பார்த்தார். அடுத்த தோட்டா ஏற வேண்டுமென்றால், விசைக்குக் கீழே இருக்கும் லீவரை வலது கையால் முன்னே தள்ளிப் பின்னே இழுக்க வேண்டும். மெர்ல் தள்ளினார். கை பாதியில் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் தள்ளினார். கடையில் நின்று விளையாட்டாகத் திறந்து மூடியபோது துப்பாக்கி இடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. தோளில் ஏற்றிய பிறகு அந்தக் கை அவர் பேச்சைக் கேட்கவில்லை. கடைசியில் துப்பாக்கியை முழங்காலில் வைத்து இடது கையால் இழுத்தார்.

டுவைட் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “முதல் குண்டுலயே விழுந்துட்டா ரெண்டாவது எதுக்கு?” என்றார்.

“விழலைன்னா?” என்றார் மெர்ல். “அடிபட்டு ஓடுனா, ராத்திரி முழுக்க அது பின்னாடி யாரு போறது?”

கூட ஒருத்தர் இருந்தால் சமாளிக்கலாம். அது இருவருக்கும் தெரியும். டுவைட்டுக்கு வேட்டைப் பருவத்தில் கடையை விட்டு நகர முடியாது. துப்பாக்கியைச் சனிக்கிழமை வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

மெர்ல் டப்பாவை எடுத்துக்கொண்டு கோர்டி வீட்டுக்கு வண்டியை விட்டார். திருப்பிக் கொடுக்கப் போவதாகத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நீ கூட வந்தால் துப்பாக்கியை வாங்குகிறேன் என்று சொல்ல வேண்டும் என்பது வழியெல்லாம் வாயில் நின்றது.

கோர்டி விறகு பிளந்துகொண்டிருந்தார். வண்டியைப் பார்த்ததும் கோடாரியைக் கட்டையில் சொருகினார்.

“வெடிச்சுதா?”

“நல்லா வெடிச்சுது.”

“அப்ப வாங்கிட்ட.”

“இன்னும் இல்ல.”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? சுட்ட தோட்டாவோட காலிக் குப்பியெல்லாம் பொறுக்கிக் கொண்டா, நான் மருந்து நிரப்பித் தர்றேன். தோட்டாவப் பத்திக் கவலையே படாத.” கோர்டி வேகவேகமாகப் பேசினார். கண் கோடாரியை விட்டு நகரவில்லை.

“லீவரை இழுக்க முடியல, கோர்டி.”

கோர்டி பேச்சை நிறுத்தினார். கை எவ்வளவு உயரம் வருகிறது என்று கேட்டார். மெர்ல் தூக்கிக் காட்டினார். மார்பு உயரத்தில் கை நின்றுவிட்டது. கோர்டி ஒரு நொடிதான் பார்த்தார். பிறகு விறகு அடுக்கைப் பார்த்தார். அவர் தாடை அசைந்தது. மெர்ல் காத்திருந்தார்.

“அன்னைக்கு ரோடு அப்படி இருந்துச்சு” என்றார் கோர்டி.

தனக்குக் கோபம் வரும் என்று மெர்ல் எதிர்பார்த்தார். வரவில்லை. எதிரில் நின்றவரின் வெளிறிய முகத்தைப் பார்த்தபோது, இந்த மனிதரால் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்று புரிந்தது.

“ஆமா” என்றார். “ரோடு அப்படித்தான் இருந்துச்சு.”

வழியெல்லாம் வாயில் இருந்தது வெளியே வரவே இல்லை. டப்பாவை நீட்டினார். கோர்டி வாங்கவில்லை; உனக்குக் கொடுத்தது உனக்குத்தான் என்றார். மெர்ல் அதை இருக்கையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

சனிக்கிழமை டுவைட் தொலைபேசியில் கூப்பிட்டார். ஸ்போகேன் நகரத்திலிருந்து வந்த ஒருவர் துப்பாக்கியைக் கேட்கிறார், கணப்புக்கு மேலே சுவரில் மாட்டுவதற்காம். கொடுத்துவிடு என்றார் மெர்ல். தொலைபேசியை வைத்துவிட்டு அடுக்களையில் இரண்டு சுற்று நடந்தார். ஜன்னலுக்குப் போனார். திரும்பவும் கூப்பிட்டு, வேண்டாம், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றார். அதற்குள் அந்த ஆள் வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பியிருந்தார். டுவைட் மன்னிப்புக் கேட்டார். உன்மேல் தப்பில்லை என்றார் மெர்ல். லோர்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்கு முன்னால் காபியை வைத்தாள்.

வேட்டை தொடங்கிய நாள் விடிவதற்கு முன்பே மெர்ல் எழுந்து, வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல் கிளம்பினார்.  மலைப்பாதை பிரியும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மேலே எங்கோ முதல் வேட்டுச் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் கோர்டியின் வண்டி வந்தது. தனியாகத்தான் வந்தார். நான்கு டயர்களிலும் சங்கிலி மாட்டியிருந்தது. சாலையில் பனியே இல்லை. மெர்லைக் கண்டதும் வண்டி மெதுவானது, ஏறக்குறைய நின்றது. கோர்டி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினார். மெர்லும் தூக்கினார். கதவைத் திறக்கலாமா என்று அவர் கைப்பிடியைத் தொட்டபோது, கோர்டியின் வண்டி சங்கிலி சலசலக்க மேலே ஏறத் தொடங்கியிருந்தது.