உள்ளே இருக்கும் ஒற்றை ஆள்

அடையாறில் ஒரு மருத்துவமனையில், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ அறையில் அன்று காலை மூன்று பேர் இருந்தனர். சோபா தைக்கும் கடை வைத்திருக்கும் ஷரீஃப், சட்டையைக் கழற்றிவிட்டு இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தார். கட்டிலருகே முக்காலியில் டாக்டர் தமிழ்நிலா. கதவோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மனைவி நஸ்ருன்னிசா. கணவரின் கைபேசி அவர் மடியில்.

ஷரீஃபுக்குப் பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்பு. மாத்திரையை நினைத்தால் போடுவார். தினமும் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கும்படி டாக்டர் போன முறை சொன்னதற்கு, "மூச்சு வுடறதுக்கு கிளாஸ் எடுக்குது அந்தப் பொண்ணு" என்று வீட்டில் வந்து சிரித்தவர்.

டாக்டர் ஸ்கேன் கருவியை அவர் மார்பில் வைத்து, திரையை அவர் பக்கம் திருப்பினார். "இதான் சார் உங்க இதயம்."

சாம்பல் நிற இருட்டுக்குள் வால்வின் இரண்டு மெல்லிய இதழ்கள் திறந்து மூடின. மறுபடி திறந்து மூடின. ஷரீஃப் இமைக்கவில்லை.

"இது எப்பமா தூங்கும்?"

"தூங்காது சார். இந்தச் சுவர் தடிச்சிருக்கு பாருங்க. பிரஷரை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இப்படி ஆயிடுச்சு. இப்படியே விட்டா களைச்சுப் போயிடும்."

அப்போது கைபேசி அலறியது.

"உங்க அண்ணாத்த" என்றார் நஸ்ருன்னிசா. கே.கே. நகரில் இருக்கும் ஹம்மாத். அப்பாவின் வீட்டைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் தகராறு. போனை எடுத்தால் இருவருமே கத்துவார்கள்.

திரையில் இதழ்கள் படபடவென்று அடித்துக்கொண்டன.

"இன்னும் போனையே எடுக்கல சார். அதுக்குள்ள இந்த ஓட்டம்!" என்றார் டாக்டர்.

"அதுக்கே தெரிஞ்சிபோச்சு, இவரோட அண்ணன் யாருன்னு" என்றார் நஸ்ருன்னிசா.

மணி அடித்து ஓய்ந்தது. "மெதுவா மூச்சை இழுங்க. அதைவிட மெதுவா விடுங்க" என்றார் டாக்டர். ஷரீஃப் இழுத்தார், விட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டம் தணிந்து, அவர் கண்ணெதிரிலேயே நடையானது.

"நான் சொன்னா கேக்குதேமா! இவ்ளோ நாளா நான் கத்துனதெல்லாம் வாங்கிக்கினு, உள்ள ஒத்த ஆளா வேல பாத்துக்கினு கீதே!"

"கேக்கும் சார். ஆனா மாத்திரை தினம் போடணும். மூச்சுப் பயிற்சி அதுக்குக் கூட்டாளி, பதிலாள் இல்ல."

கடைக்கு வந்ததும் ஷரீஃப், அண்ணனுக்குக் கடிதம் எழுதத் தாளும் பேனாவும் கேட்டார்.

"போன்லயே பேசுங்களேன்" என்றார் மனைவி.

"போன்ல ரெண்டு பேரும் கத்துவோம். அவருக்கும் பிரஷர் கீது. லெட்டர்ல கத்த முடியாதில்ல?"

அவர் எழுதினார்: 'அண்ணே, சலாம். இன்று என் இதயத்தைப் பார்த்தேன். நீங்கள் கூப்பிட்டதும் அது மிரண்டு ஓடியது. நான் கூப்பிட்டால் உங்களுடையதும் அப்படித்தானே ஓடும்? கோபம் எதிராளியிடம் போய்ச் சேருமுன் நம் நெஞ்சைத்தான் அடிக்கிறது. மாத்திரையை விடாதீர்கள். தினமும் சற்று நேரம் சும்மா உட்கார்ந்து மூச்சைக் கவனியுங்கள். வீட்டைப் பற்றி நிதானமாகப் பேசலாம். பேசுவதற்கு நாம் இருவரும் இருக்க வேண்டும்.'

உறையை ஒட்டி, முகவரியை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார்.