எந்தப் பக்கம்

ஆறு லென்ஸ் இருந்த கண் பரிசோதனைக் கேமராவுக்கு நான்கே போதும் என்று தொழிற்சாலையின் வடிவமைப்புப் பிரிவில் இருந்த அவள் வரைந்து காட்டியபோது, முதலில் முகம் சுளித்தவர் அக்காவின் கணவர்தான். அதே தொழிற்சாலையில், லென்ஸ்களைக் குழலுக்குள் பொருத்தும் பிரிவு அவர் பொறுப்பு.

"ரெண்டு லென்ஸ் போச்சுன்னா என் ஆளுங்க என்ன செய்வாங்க?" என்று மேலாளர் முன்னாலேயே கேட்டார். மறுவாரம் என்ன நினைத்தாரோ, சிரித்துக்கொண்டே சம்மதித்துவிட்டார். அந்தச் சிரிப்பை அவள் நம்பவில்லை.

முதலில் வந்த கேமராக்களில் பாதிக்கு மேல் படம் மங்கலாக விழுந்தது. கழற்றி, வளைவை அளக்கும் கருவியில் வைத்துப் பார்த்தாள். மங்கியவை எல்லாவற்றிலும் மூன்றாவது லென்ஸ் முன்பின்னாகத் திரும்பியிருந்தது.

"உன் வீட்டுக்காரர் எனக்குக் குழி பறிக்கிறார்க்கா" என்றாள் தொலைபேசியில்.

"அவரா? குழம்புல உப்பில்லன்னாக்கூட வாயத் திறந்து சொல்லத் தெரியாத மனுஷன்டி."

"அதான்க்கா பயமா இருக்கு."

மறுநாள் அவருடைய பிரிவுக்குப் போய் நின்றாள்.

"என்னம்மா, காவலுக்கு வந்தியா?"

"நானே பொருத்திப் பாக்கறேன், அத்தான். நீங்க கொஞ்சம் வெளிய இருங்க."

அவர் மறுபேச்சில்லாமல் போனார். ஒரு தட்டு லென்ஸை எடுத்து, யார் கையும் படாமல் அவளே பொருத்தினாள். சோதித்தால், அவற்றிலும் பல மங்கல்! மூன்றாவது லென்ஸ் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஒரே புடைப்பாகத் தெரிந்தது. படம் இன்னும் கொஞ்சம் கூர்மையாக விழட்டும் என்று, இரு பக்க வளைவுக்கும் இடையே கண்ணுக்கே தெரியாத வித்தியாசத்தை வைத்தவள் அவள்தான்.

லென்ஸும் கையுமாக வெளியே வந்தாள். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எந்தப் பக்கம்னு குழம்புவாங்கன்னு சந்தேகம் இருந்துச்சு. சொல்லியிருந்தா, என் ஆளுங்க வேலை போகுதேன்னு கதை கட்டறேன்னுதானே நினைச்சிருப்பே?"

அவள் நேராகத் தன் மேசைக்குப் போய் வரைபடத்தை விரித்தாள்.

அந்த லென்ஸின் இரு பக்கத்துக்கும் ஒரே வளைவைக் கொடுத்தாள். எப்படித் திருப்பிப் போட்டாலும் இனிக் கவலையில்லை. கண்ணாடியைத் தேய்த்து வளைவாக்கவும் ஒரே அச்சு போதும். கூர்மை துளி குறைந்தது, மருத்துவர்கள் யாரும் குறை சொல்லவில்லை. மங்கல் நின்றது. பொருத்தும் பிரிவிலிருந்து சிலரைச் சோதனைப் பிரிவுக்கு மாற்றினார்கள்.

ஆனாலும், தெரிந்தே ஒரு மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தாரே என்பது அவளுக்கு ஆறவில்லை. அத்தான் அனுப்பும் பெட்டிகளில் மட்டும் கூடுதலாக ஒரு கேமராவை எடுத்துச் சோதிக்கிறாள். அவரும் பார்த்தும் பாராததுபோல் நகர்ந்துவிடுகிறார்.