ஒப்துலியா கடையில் தண்ணீர் கேட்டவன்

ஒப்துலியாவின் கடையில் உட்கார்ந்து நான் ஒரு தம்ளர் தண்ணீர் கேட்டேன்.

கேட்ட மாத்திரத்தில் கொட்டகையே அடங்கிப்போனது. மூலை மேசையில் ஒருவன் வாய்க்குக் கொண்டுபோன கரண்டி பாதி வழியில் நின்றது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உருளைக்கிழங்குகள்கூடக் கொதிப்பதை நிறுத்திவிட்டு என்னை எட்டிப் பார்த்தன. நம்பாவிட்டால் போங்கள், நான் என் கண்ணால் பார்த்தேன். முப்பத்தாறு வருடம் லா லகூனா நகரத்தில் பஸ் ஓட்டியவன் நான். பனிமூட்டத்தில் மாடுகளுக்கும் பாதிரியார்களுக்கும் நடுவே வண்டியை விட்ட காலத்தில்கூட என்னை யாரும் இப்படி முறைத்ததில்லை.

"என்ன கேட்ட?" என்றாள் ஒப்துலியா. அவள் கையில் ஒயின் குடுவை இருந்தது.

"தண்ணி."

"குளிக்கவா?"

"குடிக்கத்தான். டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டரு? மாட்டு டாக்டரா?"

அவள் தண்ணீர்த் தம்ளரை மேசையில் வைத்த வேகத்தில் பாதித் தண்ணீர் என் மடியில் விழுந்தது. மீதியைக் குடித்தேன். எதிரே என் சிநேகிதன் சானோ தலை குனிந்துகொண்டான். இத்தனையும் அவனுக்காகத்தான்.

கடை என்றால், அவள் வீட்டுக்குப் பின்னால் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே இருக்கும் பழைய வண்டிக் கொட்டகை. எட்டு மேசை, ஓர் அடுப்பு, ஒரு பீப்பாய். இதை எங்கள் தெனெரிஃபே தீவில் குவாச்சிஞ்சே என்போம். சொந்தத் தோட்டத்து ஒயினை மட்டும் ஊற்றலாம். வயிற்றுக்குத் துணையாக இரண்டு மூன்று பதார்த்தங்கள். நவம்பர் கடைசியில் பீப்பாயைத் திறப்பார்கள். அது தீர்ந்த அன்றே வாசலில் தொங்கும் பலகையைக் கழற்றிவிட வேண்டும். அது சட்டம். சட்டம் வருவதற்கு முன்பும் அதுதான் மரியாதை. தினமும் மதியம் ஒப்துலியா பீப்பாயை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பாள். நவம்பரில் அது நிறைமாத வயிறு மாதிரி 'தொம்' என்னும். பிப்ரவரி வந்துவிட்டால் சத்தம் கோயில் மணி மாதிரி மேலே ஏறிக்கொண்டே போகும்.

அவள் வைக்கும் ஆட்டுக்கறி இருக்கிறதே, அதை ஒரு வாய் தின்றால் செத்துப்போன மாமனார்கூட எழுந்து வந்து ரொட்டி கேட்பார். ஒரே ஒரு குறை, உப்பு. அட்லாண்டிக் கடலுக்கு உப்புக் குறையும்போது ஒப்துலியாவிடம்தான் வாங்கிப்போகும் என்பது என் எண்ணம். ஆனால் இதை அவள் முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் இந்தத் தீவில் எவனுக்கும் கிடையாது. ஒரு கவளத்துக்கு இரண்டு மடக்கு ஒயின் குடித்துச் சமாளித்துக்கொள்வோம்.

ஓய்வு பெற்ற பிறகு என் வேலை என்னவென்றால், ஊர் நடுவே மாதா கோயில் கோபுரத்துக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களுக்கு எங்கே சாப்பிடலாம் என்று சொல்வது. சம்பளம் கிடையாது, ஆனால் பஸ் ஓட்டியதைவிட மும்முரமான வேலை. பாறைச் சிப்பி சுட்டுச் சாப்பிட வேண்டுமா, அந்தத் துறைமுகச் சந்து. வறுத்த மாவைக் குழம்பில் கிளறிய கோஃபியோ வேண்டுமா, அந்தச் சந்தையின் பின்வாசல். ஒரு லட்சம் பேருக்காவது சோறு காட்டியிருப்பேன். ஆனால் ஒப்துலியா கடையை மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. யாராவது கேள்விப்பட்டு வந்து விசாரித்தால், "அந்தம்மா போயிட்டாங்களே, பாவம்" என்று தொப்பியைக் கழற்றிவிடுவேன். ஒரு தடவை டச்சுக்கார தம்பதி ஒன்று என்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது.

இப்போது சானோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நூற்றிருபது கிலோ. வாலிபத்தில் மணல் மல்யுத்தத்தில் எங்கள் வட்டாரத்துத் தூண். எதிராளியை வீழ்த்தியதும் கைகொடுத்துத் தூக்கிவிடுவது இந்த விளையாட்டின் மரியாதை. சானோ தூக்கிவிட்டு மன்னிப்பும் கேட்பான். அடி பட்டுதா, தண்ணீர் வேணுமா, உன் அம்மா சௌக்கியமா என்று விசாரிப்பான். கல்யாணத்தைப் பற்றி யோசித்து முடிப்பதற்குள் அவனுக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. ஒப்துலியாவின் புருஷன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஆறு வருடமாகச் சானோ பீப்பாய்க்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஆட்டுக்கறி தின்று, கால் லிட்டர் குடித்து, எழுந்திருக்கும்போது "நல்லா இருந்துச்சு" என்பான். ஆறு வருடத்தில் அவளிடம் அவன் பேசியது அந்த இரண்டு வார்த்தைதான்.

நான் தண்ணீர் கேட்ட அந்த வாரத் தொடக்கத்தில்தான் ஒப்துலியா கொண்டைக்கடலையைப் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "இந்தப் பீப்பாயோட சரி. கொடியக் கவாத்துப் பண்ண இடுப்பு ஒத்துழைக்கல. பொண்ணு லாஸ் பால்மாஸ்க்கு வந்துடுன்னு கூப்பிடறா."

லாஸ் பால்மாஸ்! எதிர்த் தீவு! தெனெரிஃபேக்காரி ஒருத்தி சாவதற்குக்கூட அங்கே போகக் கூடாது. கொட்டகையில் பாதிப் பேர் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். சானோவின் கையிலிருந்த உருளைக்கிழங்கு நழுவிச் சிவப்புக் குழம்பில் விழுந்தது.

இறங்கி வரும்போது அவனை வழிமறித்தேன். "டேய், இப்பவாவது சொல்லித் தொலைப்பியா?"

"சொல்லணும்டா சிந்தோ."

"எப்போ?"

"ஒரு மாசம் கெடச்சா சொல்லிடுவேன்."

பீப்பாயின் சத்தத்தை வைத்துப் பார்த்தால் பத்து நாள்கூடத் தாங்காது. அதனால்தான் என் மூளையில் அந்தத் திட்டம் உதித்தது. வாடிக்கையாக வருகிற நாங்கள் ஐந்து பேரும் குடிப்பதை நிறுத்திவிட்டால் பீப்பாய் ஈஸ்டர் வரை ஓடும். சானோவுக்கு அவகாசம் கிடைக்கும். மற்ற மூன்று பேரையும் கையில் காலில் விழுந்து சம்மதிக்க வைத்தேன். இப்படி ஒரு தியாகம் இந்தத் தீவின் சரித்திரத்தில் நடந்ததில்லை. அந்த உப்பு ஆட்டுக்கறியை வெறும் தண்ணீரோடு இறக்கிய எங்களுக்குச் சிலை வைக்க வேண்டும்.

மூன்று நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் ஒப்துலியா ஒரு தம்ளர் ஒயினை ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். முகர்ந்தாள். வாயில் வைத்துக் கொப்பளித்துத் துப்பினாள். எங்கள் ஐந்து பேரின் தண்ணீர்த் தம்ளர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். குடுவையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக்கடை இலாரியோ வந்தார்.

"என்னய்யா சிந்தோ, ஒப்துலியா ஒயின் புளிச்சுப் போச்சாமே? ரெண்டு பேரு ஆஸ்பத்திரில படுத்திருக்காங்களாம்?"

மதியம் ரொட்டிக்கடையில் அது ஐந்து பேரானது. சாயங்காலம் முடிவெட்டிக்கொள்ளப் போனேன்; அங்கே ஒருவர் இறந்தே போயிருந்தார். யார் என்று கேட்டேன். "பழைய பஸ் டிரைவர் ஒருத்தராம்" என்றார்கள். இத்தனை வருடம் இந்த ஊரில் என்னை மிஞ்சிப் புளுக ஆள் இல்லை என்று இறுமாந்திருந்தேன். பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கொட்டகையில் எங்கள் ஐந்து பேரைத் தவிர ஈ எறும்பு கிடையாது. ஒப்துலியா ஏப்ரனால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அவள் கண்ணோரம் சிவந்திருந்தது. வெங்காயம் நறுக்கிய நாளாக இருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். அன்றைய சமையலில் வெங்காயமே இல்லை.

"நாப்பது வருஷமா எங்க வீட்டு ஒயினுக்கு ஒருத்தனும் மூஞ்சியச் சுளிச்சதில்ல" என்றாள். "நாளைக்கு மீதியக் கொடி வேர்ல ஊத்திட்டுப் பலகைய எறக்கிடறேன். ஞாயித்துக்கெழமை கப்பல்."

சானோவைப் பார்த்தேன். அந்தப் பெரிய உடம்பு முழுக்க ஒரு வார்த்தை தேடி அலைந்தது போலிருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் ஒப்துலியாவின் பின்னாலேயே சமையல் மூலைக்குப் போனேன்.

"ஒயின் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன ஏன்யா என்னக் கேவலப்படுத்தினீங்க?"

"தீந்துடக் கூடாதுன்னு. தீந்தா நீ போயிடுவ. நீ போயிட்டா..."

"போயிட்டா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக என் நாக்கு தடுக்கியது. "அத நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவன் வெளிய கொடியப் புடிச்சுக்கிட்டு நிக்கறான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சானோ ஒரு கொடிக்கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பம்தான் அவனைத் தாங்குகிறதா, அவன் கம்பத்தைத் தாங்குகிறானா என்று சொல்ல முடியாது. ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"அவன் சொல்றது சொல்லாதது எனக்குத் தெரியாது" என்றாள். "என் ஒயினக் குடிச்சா சாவாங்கன்னு ஊரே பேசுது. அந்தப் பேரோட நான் கப்பல் ஏற மாட்டேன். நாளைக்கு வந்து மொத்தத்தையும் குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் பலகைய எறக்கறேன்."

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோபுரத்துக்குக் கீழே பெஞ்சின் மேல் ஏறி நின்றேன். முப்பத்தாறு வருடம் "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்திப் பழகிய தொண்டை. என் பரம ரகசியத்தை நானே ஊரறிய உடைத்தேன். செத்தவன் உயிரோடு நின்று கத்தினால் கூட்டம் கூடாமல் இருக்குமா? மாணவர்கள் வந்தார்கள், கன்னியாஸ்திரீகள் வந்தார்கள், ஒரு கல்யாணக் கூட்டம் மாப்பிள்ளையை மாதா கோயில் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது. பழைய டச்சுத் தம்பதி என்னை அடையாளம் கண்டு, இறந்துபோன அம்மாளுக்கு மரியாதை செலுத்தப் பூங்கொத்தோடு வந்து, அதை அவள் கையிலேயே கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரு மணிக்கு வரிசை கொடிகளைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. என் கணக்குப்படி நாலாயிரம் பேர். இலாரியோ நூற்றைம்பது என்கிறார். அவருக்கு மாத்திரை எண்ணித்தான் பழக்கம்.

எல்லோரும் குடித்தார்கள். ஒருவரும் சாகவில்லை. இலாரியோ நாலாவது தம்ளரில் ஒப்துலியாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அவள் முகம் மெல்ல மெல்ல நிமிர்ந்தது. ஆனால் ஒவ்வொரு அரைமணிக்கும் பீப்பாயைத் தட்டினாள். ஒவ்வொரு தட்டலுக்கும் சானோவின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது.

நாலு மணிக்குக் குழாயில் சொட்டு நின்றது. கூட்டம் கரைந்திருந்தது. நாங்கள் ஐந்து பேரும் இலாரியோவும் மிச்சம்.

"அடில கொஞ்சம் இருக்கும். சாய்க்கணும்" என்றாள்.

அதைச் சாய்க்கிற பலம் ஒருவனுக்குத்தான் உண்டு. சானோ எழுந்தான். பீப்பாயைக் குழந்தை மாதிரி இரண்டு கையிலும் அள்ளி மெதுவாகச் சரித்தான். அவள் தம்ளரைப் பிடித்தாள். ஒரு தம்ளர், சரியாக விளிம்பு வரை. அதை அவன் மேசையில் கொண்டுபோய் வைத்தாள்.

"குடி. நீ குடிச்சதும் பலகைய எறக்கணும்."

சானோ உட்கார்ந்தான். தம்ளரைப் பார்த்தான். ஆட்டுக்கறித் தட்டைப் பார்த்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. பழைய நாளில் எதிராளியின் கால்சட்டை விளிம்பைப் பற்றும்போது அப்படித்தான் புடைக்கும்.

"ஒப்துலியா."

"ம்."

"கறில... உப்பு ஜாஸ்தி."

இலாரியோ கண்ணை மூடிக்கொண்டார். நான் வாசலை நோக்கி ஒரு அடி நகர்ந்தேன்.

"இன்னிக்கா?"

"ஆறு வருஷமா."

"ஆறு வருஷமாத் தின்னியே?"

"தின்னேன்."

சானோ தம்ளரைத் தள்ளிவைத்தான். மேசையிலிருந்த சின்னத் தட்டை எடுத்துத் துடைத்து, அந்தத் தம்ளரின் மேல் கவிழ்த்தான். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி உட்கார்ந்துவிட்டான்.

ஒப்துலியா மூடிய தம்ளரைப் பார்த்தாள். வாசலில் காற்றில் ஆடிக்கொண்டிருந்த பலகையைப் பார்த்தாள். பிறகு சமையல் மூலைக்குப் போனாள். கத்தி விழும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மறுநாளைக்கு ஊறவைக்க ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டிருந்தாள், பாதிப் பாத்திரம்கூட இல்லை. மரப்பெட்டியில் கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளினாள். கை கறிக்கு மேலே நின்றது. அப்படியே திரும்பி, விரல்களைக் கொஞ்சம் தளர்த்தி, பாதி உப்பைப் பெட்டிக்குள்ளேயே உதிரவிட்டாள்.