மதியத்துக்குள் ஒரு கீபோர்டு

மவுஸ் மறுபடியும் கீபோர்டின் ஓரத்தில் போய் இடித்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டுப் போட்டி மதியம். காலையிலேயே வந்து மேசையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லா அணிகளுக்கும் சொல்லியிருந்தார்கள். வந்தது நல்லதாகப் போயிற்று. வீட்டில் சிட்டுவுக்கு அகலமான மேசை. இங்கே பக்கத்தில் இருப்பவனின் முழங்கை உரசாமல் உட்காருவதே பெரும்பாடு. அவளோ மவுஸைத் தோளோடு சேர்த்து வீசி ஆடுகிறவள். ஒவ்வொரு வீச்சுக்கும் கீபோர்டின் வலது பக்கத்து எண் பொத்தான்கள் குறுக்கே வந்து நின்றன.

“இதை வெச்சு ஆடினா விளங்கினாப்பலதான்,” என்றான் அணித்தலைவன். சின்ன வயதுதான். ஆனால் எதையும் இழுத்து நிதானமாகப் பேசுவதால் எல்லோருக்கும் அவன் தாத்தா. “கடைக்குப் போய் சின்னதா ஒண்ணு வாங்கிட்டு வா. மேட்ச் ஆரம்பிக்கறதுக்குள்ள வந்துடணும். இல்லேன்னா...”

அவன் பார்வை கடைசி வரிசை வரை போய்த் திரும்பியது. அங்கே ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு சிட்டுவின் அண்ணி உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அண்ணியும் சிட்டுவும் ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து இந்த விளையாட்டை ஆடியவர்கள். ஐந்து பேர் ஐந்து பேரைச் சுட்டுத் தீர்க்கும் விளையாட்டு. “துப்பாக்கிச் சத்தம் கூடத் தாங்கிடுவேன், உங்க கீபோர்டு சத்தம் தாங்கல” என்று அண்ணன் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவான். இந்த அணியில் முதலில் சேர்ந்தது அண்ணிதான். சிட்டுவைக் கூட்டிவந்ததும் அவள்தான். மழைக்காலம் முடியும்போது தாத்தா அண்ணியை வெளியே உட்காரவைத்து, அந்த நாற்காலியை சிட்டுவுக்குக் கொடுத்துவிட்டான். மாற்று ஆட்டக்காரர் என்ற இடத்தில் மட்டும் அண்ணியின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகும் வீட்டில் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொண்டார்கள். பால் வாங்கியாச்சா, மோட்டார் போட்டாச்சா, துணி காய்ந்ததா. விளையாட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை.

“வா, நான் கூட்டிட்டுப் போறேன்,” என்று அண்ணி சாவியை எடுத்தபோது, சிட்டுவுக்கு வேறு வழி இருக்கவில்லை.

கம்ப்யூட்டர் கடை ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. விற்பனையாளர் மூன்று சின்ன கீபோர்டுகளைக் கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்தார். முதலாவது மிகவும் குட்டி. அதில் F1, F2 என்று போகும் மேல்வரிசையே கிடையாது.

“இது ஆகாது. நான் குண்டு எடுக்கறதே மேல்வரிசையிலதான்,” என்று சிட்டு அதைத் தள்ளிவைத்தாள்.

மற்ற இரண்டும் ஒரே அளவு. மேல்வரிசை இருந்தது, வலது பக்கத்து எண் பொத்தான்கள் இல்லை. வித்தியாசம் பொத்தான்களுக்கு அடியில் இருக்கும், கழற்றி மாற்றக்கூடிய சுவிட்சில்தான். ஒன்று விரல் பட்டாலே இறங்கியது. இன்னொன்றைக் கொஞ்சம் அழுத்த வேண்டியிருந்தது.

“மேடம், கேம் ஆடறவங்க எல்லாரும் இந்த லேசானதைத்தான் எடுக்கறாங்க. தொட்டா போதும், பறக்கும்,” என்றார் விற்பனையாளர்.

சிட்டு விரல்களை ஓட்டிப் பார்த்தாள். வெண்ணெயில் கை வைத்ததுபோல் இருந்தது.

“அது வேணாம்,” என்றாள் அண்ணி.

“ஏன் அண்ணி?”

“உன் கை கனம். ஆடாத நேரத்துலயும் விரல் மொத்தத்தையும் பொத்தான் மேலயே படுக்கப் போட்டுக்கிட்டு இருப்ப. இதுல அது தானா இறங்கிடும். அழுத்தமா இருக்கறத எடு.”

“வேகம் குறையுமே.”

“ஒண்ணும் குறையாது.”

சிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊசி குத்துகிற அண்ணிக்கு எப்போதும் ஒரே முகம்தான். அதிலிருந்து ஒன்றும் பிடிபடாது. ‘நான் சொதப்பினால் உட்காரப் போவது யார்?’ என்று சிட்டுவின் மனசுக்குள் ஒரு கேள்வி எட்டிப் பார்த்தது. இப்படி நினைக்கிறோமே என்று கூசினாலும் அந்தக் கேள்வி போவதாக இல்லை.

“லேசானதே குடுங்க,” என்றாள் விற்பனையாளரிடம்.

அண்ணி கடையின் மறுபக்கம் போய் எதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். சிட்டு பெட்டியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அண்ணியும் ஏதோ வாங்கிக் கைப்பையில் போட்டு மூடுவது தெரிந்தது.

வழியில் எல்லா சிக்னலிலும் சிவப்பு. அரங்கத்துக்குள் ஓடி, கீபோர்டைச் செருகி, ஹெட்போனை மாட்டும்போதே நடுவர் கையை உயர்த்திவிட்டார். பழகிப் பார்க்க நேரமில்லை.

மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவர்களுக்கு லீக்கில் இடம். முதல் ஆட்டத்தின் தொடக்கத்தில் சிட்டுவின் கை உண்மையிலேயே பறந்தது. மவுஸ் எதிலும் இடிக்கவில்லை. இரண்டு பேரை அடுத்தடுத்துச் சாய்த்தாள். தாத்தாவே ஒரு முறை வேகமாகப் பேசினான்.

பிறகுதான் வந்தது வினை. ஒரு சுவருக்குப் பின்னால் அவள் ஒளிந்து நிற்க வேண்டும். எதிராளி அந்த வழியாக வருவது தெரியும். அசையாமல் நின்றால் போதும், தானாக வந்து மாட்டுவான். சிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடு விரல் முன்னால் போகும் பொத்தான்மேல் படுத்திருந்தது. திரையில் அவள் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தாள். காலடிச் சத்தம் கேட்டது. அடுத்த நொடி குண்டு பாய்ந்து அவள் திரை சாம்பல் நிறமானது.

“ஏன் நகர்ந்த?” என்றான் தாத்தா.

“நான் நகரல.”

அடுத்த சுற்றிலும் அதேதான். விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிப் பார்த்தாள். சீக்கிரமே முன்கை இழுத்துப் பிடித்துக்கொண்டது. வலி பொறுக்காமல் விரலை இறக்கினால் கால் தானாக நடந்தது. பிறகு நகரக்கூடாது என்ற பயத்திலேயே நகர வேண்டிய இடத்திலும் நின்றாள். முதல் ஆட்டம் கையை விட்டுப் போயிற்று.

சிறு இடைவேளை. மேடைமேல் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தாத்தா தண்ணீரைக் குடித்துவிட்டு, எப்போதையும் விட மெதுவாகச் சொன்னான். “சிட்டு, தப்பா எடுத்துக்காத. அக்காவக் கூப்பிடறேன்.”

அவள் தலையாட்டினாள்.

மாற்று ஆட்டக்காரருக்கு மேடை ஏற அனுமதி உண்டு. அண்ணி படியேறி வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். அந்த நாற்காலியை அவள் பார்த்த பார்வை கொஞ்சம் நீளமாகவே இருந்தது.

“எழுந்திரு,” என்றாள்.

சிட்டு எழுந்தாள். அண்ணி உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் ஹெட்போனைத் தொடவில்லை. கீபோர்டின் வயரைப் பிடுங்கினாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்துப் பல்லால் கிழித்தாள். உள்ளே நாலைந்து சுவிட்சுகள், அழுத்தினால்தான் இறங்கும் வகை.

“அக்கா, என்ன பண்றீங்க? டைம் இல்ல,” என்று தாத்தா பதறினான்.

“அப்ப பேசாம இரு.”

பெட்டியோடு வந்த இடுக்கியால் முன்னால் போகும் பொத்தானைக் கழற்றி, அடியிலிருந்த சுவிட்சைப் பிடுங்கி, புதியதை வைத்து அழுத்தினாள். உட்கார்ந்துவிட்டது. அடுத்தது பின்னால் போவது. அதுவும் ஆயிற்று. நடுவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். மூன்றாவது சுவிட்ச் இறங்க மறுத்தது. அண்ணி எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அடிக் கம்பி ஒன்று மடங்கியிருந்தது.

“ரெடியா?” என்றார் நடுவர்.

அண்ணி கொண்டையிலிருந்து ஊசியை உருவினாள். முடி தோளில் சரிந்தது. ஊசி முனையால் அந்தக் கம்பியை மெல்ல, ஒடிந்துவிடாமல், நிமிர்த்தினாள். குழந்தைக் கையில் நரம்பு தேடும்போது வரும் அதே அமைதி அவள் முகத்தில் இருந்தது. சுவிட்ச் டக்கென்று உட்கார்ந்தது. நாலாவதையும் மாட்டி, வயரைச் செருகி, அண்ணி எழுந்து நகர்ந்தாள்.

“உக்காரு.”

“அண்ணி, நீங்க...”

“இந்த மேப் புதுசு, இந்தக் களத்துல நான் ஆடினதே இல்ல. நான் உக்காந்தா தோத்துடுவோம். சீக்கிரம் உக்காரு.”

தாத்தா வாயைத் திறந்தான். அண்ணி அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

இரண்டாவது ஆட்டத்தில் சிட்டு பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஆனால் நின்ற இடத்தில் நின்றாள். விரல் முழுக் கனத்தோடு படுத்திருந்தும் பொத்தான் இறங்கவில்லை. மற்ற நால்வரும் அடித்து ஆடி அந்த ஆட்டத்தை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

மூன்றாவது ஆட்டம் கடைசிச் சுற்று வரை போயிற்று. இவர்கள் பக்கம் சிட்டு மட்டும் மிச்சம். அந்தப் பக்கம் இரண்டு பேர். அவள் ஒரு தூணை ஒட்டி நின்றாள். காதில் காலடிச் சத்தம். வலமா, இடமா என்று புரியவில்லை. அரங்கத்தில் யாரோ இருமினார்கள். முதல் ஆள் தூணைத் தாண்டினான். சுட்டாள். விழுந்தான். அந்தச் சத்தம் கேட்டு இரண்டாமவன் நின்றுவிட்டான். இவளும் நின்றாள். இருவரும் அப்படியே நின்றார்கள். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. சிமிட்டக்கூட பயம். அவன் பொறுமை இழந்து ஓடி வந்தான். அவள் தோளோடு மவுஸை வீசிச் சுட்டாள். அவனும் விழுந்தான்.

ஹெட்போனைக் கழற்றியபோதுதான் அரங்கின் கூச்சல் காதில் விழுந்தது. தாத்தா மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

அண்ணி கடைசி வரிசையில் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டு நின்றாள். முடியை இன்னும் முடியவில்லை.

“கடையில நான் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்,” என்றாள் சிட்டு.

“தெரியும். உன் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருந்துச்சே.” அண்ணி துணியை மடித்தாள். “முழுசா தப்புன்னும் சொல்ல முடியாது. மொத ஆட்டத்துல நீ தடுமாறினப்ப எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு. நானே பயந்துட்டேன்.”

சிட்டு ஹெல்மெட்டின் வாரைத் திருகிக்கொண்டு நின்றாள்.

“மாற்று ஆளா உக்காந்து உன் கையையே பாத்துக்கிட்டு இருக்கறது எனக்கு நல்லதில்ல. உனக்கும் நல்லதில்ல. தாத்தாகிட்ட சொல்லிட்டேன், பேரை எடுத்துடச் சொல்லி. வேற ரெண்டு டீம் கேட்டுக்கிட்டுதான் இருக்காங்க.”

“அப்ப லீக்ல நம்ம எதிரெதிரா வருவோமா?”

“வந்தா வரட்டும். சுட்டுத் தள்ளிட்டு வீட்டுக்கு வந்து மோட்டார் போடுவேன்.”

சிட்டு சிரிக்கப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணியும் கொஞ்சம் சிரித்தாள்.

விஷயம் கேள்விப்பட்ட அண்ணன் அடுத்த நாளே அறைக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைக்க ஆளைக் கூட்டிவந்தான். இரு அணிகளின் ரகசியம் காக்கவா, சத்தம் குறைக்கவா என்று இருவரும் கேட்டார்கள். அவன் அளவு நாடாவின் ஒரு முனையை அண்ணி கையிலும் மறுமுனையைத் தங்கை கையிலும் கொடுத்துவிட்டு, நடு இடத்தைத் தேடிக்கொண்டிருந்தான்.