ஒரு புள்ளி, இரண்டு புள்ளி

கறுப்புக் கோட்டை ஆணியில் மாட்டிவிட்டு, கிளைவ் இரண்டாவது கார்புரேட்டரின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். சவ வண்டி வர ஒரு மணி நேரம்தான் இருந்தது. அதன் பின்னால், இறந்துபோன நண்பர் டெஸ்மண்டின் பச்சை எம்.ஜி. கார் போக வேண்டும் என்பது அபிங்டன் கார் கிளப்பின் முடிவு. அதுவோ ஷெட்டு வாசலைக்கூடத் தாண்டாமல் இருமிக்கொண்டு நின்றது.

"இங்க பாரு மெர்ல்," என்றார். "மூடியில ஒரு புள்ளி. உள்ள பிஸ்டன்ல ரெண்டு புள்ளி. ஜோடி மாறிக் கெடக்கு. உங்கப்பன் கீறி வச்ச புள்ளி, கடைசியில அவனே மாத்திப் போட்டிருக்கான். வயசானா இப்படித்தான்."

"ம்," என்றாள் மெர்ல்.

அந்த ஒரு எழுத்துக்காக அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. மாற்றிப் போட்டது அவள். ஏப்ரலில் அப்பா இடுப்பு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வந்து பார்த்துச் சந்தோஷப்படட்டுமே என்று இரண்டையும் கழற்றி, ஒரே கிண்ணத்துப் பெட்ரோலில் கழுவி, பளபளவென்று துடைத்து மாட்டினாள். புள்ளிகளைக் கவனிக்கவில்லை.

அப்பா வந்ததும் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இரண்டு கார்புரேட்டர்களின் வாயிலும் மாறி மாறிப் பிடித்தார். காற்றை உறிஞ்சும் சத்தம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கிளப்பில் பாதிக் கார்களை நாற்பது வருடமாக அந்தக் காதை வைத்துத்தான் சரிசெய்தார். இப்போது தன் காரே பிடிபடவில்லை. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, "காது போச்சு" என்றார். மற்றவர்களின் கார்களைத் தொடுவதையே விட்டார். காதுக்கருவி வாங்கி மாட்டிக்கொண்டார்.

ஜூனில் மெர்ல் பழைய கையேட்டைப் புரட்டினாள். ஜோடியை மாற்றக் கூடாது, மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று செப்டம்பர் வரை இழுத்தாள். போன செவ்வாய்க்கிழமை அவர் தூக்கத்திலேயே போய்விட்டார்.

கிளைவ் ஜோடிகளைச் சரியாகச் சேர்த்து, எஞ்சினை ஓடவிட்டு, குழாயை அவளிடம் நீட்டினார். "நீயே கேளு கண்ணு."

இரண்டிலும் ஒரே சத்தம். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"நேரமாச்சு," என்றுதான் வந்தது.

அடக்கம் முடிந்து கிளப் கூடத்தில் தேநீர். மெர்ல் முட்டை சாண்ட்விச் தட்டோடு சுற்றி வந்தாள். கிளைவ் அந்தக் கதையைத்தான் அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"அடுத்தவன் கார்ல ஒரு திருகு தப்பா இருந்தா நம்ம மானத்த வாங்கிருவான். தன் கார்ல ஜோடிய மாத்தி மாட்டிட்டு, காதக் குத்தம் சொல்லியிருக்கான் பாருங்க."

எல்லோரும் பிரியமாகச் சிரித்தார்கள். அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அவர் எங்க அதத் தொறந்தார்? ஒருதரம் தொறந்துதான் பாருங்களேன்னு நான்கூடச் சொன்னேன். 'மெர்ல் மாட்டினது, அதுல தப்பு இருக்காது'ன்னுட்டார்."

கிளைவின் சிரிப்பு பாதியில் நின்றது. திரும்பி மெர்லைப் பார்த்தார். அவள் தட்டை நீட்டியபடியே நின்றாள். அவர் ஒரு சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டார்.

"நல்லா இருக்கு," என்றார், இன்னும் கடிக்காமலே.