கோட்டுக்கு அந்தப் பக்கத்துப் புதன்கிழமை

“அண்ணி, உங்க டிக்கெட்ல புதன்கிழமையே இல்ல,” என்றார் லயனல்.

வழியனுப்பும் காலை விருந்தில் ஹெட்டி மார்க்ஸ் பப்பாளித் துண்டின் மேல் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். வெலிங்டன் யூத சபையிலிருந்து பதினான்கு பேரை ஹோனலூலுவின் சகோதர சபைக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். எட்டு வருடம் கணினித் திரையில் மட்டும் பார்த்த முகங்களோடு ஒரு வாரம் உண்டு, பாடி, ஓய்வுநாளும் கழித்தாயிற்று. அறை, பேருந்து, விமானம் எல்லாம் அவள் ஏற்பாடு. ஒரு பெட்டிகூடத் தவறவில்லை. இன்று செவ்வாய், நண்பகலில் ஊருக்கு விமானம்.

“என்ன உளர்றே?”

“இங்க செவ்வாய் மத்தியானம் ஏறுறோம். ஆக்லாந்துல இறங்குறப்ப புதன் ராத்திரி. செவ்வாய் பொழுது சாஞ்சதுலேர்ந்து புதன் பொழுது சாயற வரைக்கும் அண்ணனோட நினைவு நாள். அதைக் கொண்டுபோய்க் கடல்ல போட்டுட்டீங்க.”

எலுமிச்சை கையிலேயே நின்றது. அவள் கணவர் சிரில் போய்ப் பதினோரு வருடம். யூத நாட்காட்டியின் ஷெவாத் மாதம் பத்தாம் தேதி, இறந்தவருக்கான கடிஷ் ஜெபம் சொல்ல அவள் ஒரு வருடமும் தவறியதில்லை. தனியாகச் சொல்லும் ஜெபமும் இல்லை அது. சபையார் பத்துப் பேர் எழுந்து நிற்க வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருந்த டோரா காஹேலே காப்பிக் கோப்பையை வைத்தாள். ஹோனலூலு சபைக்காரி; துறைமுகத்தில் கப்பல்களுக்கு வழிகாட்டி ஓய்வு பெற்றவள்.

“இப்பவே எங்களோட நின்னு சொல்லிடு ஹெட்டி. பத்துக்கு நாப்பது பேர் இருக்கோம்.”

“ஒரு நாள் முன்னாலயா? சிரில் எங்க கல்யாணத்துக்கே முக்கா மணி நேரம் லேட்டு. முன்னாலயே வந்து நிக்கிற ஆளா அவர்?”

“அப்ப ஊருக்குப் போய் வியாழக்கிழமை சொல்லு.”

“தேதின்னா தேதி, டோரா.”

டோரா சிரித்துக்கொண்டே காகிதத் தட்டைத் திருப்பி, பேனாவால் நெடுக ஒரு கோடு இழுத்தாள். “புதன்கிழமை எங்கயும் தொலையல. கடல் நடுவுல இருக்கிற இந்தத் தேதிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கு. நீ தாண்டுறப்ப அங்க சாயங்காலம் அஞ்சு மணி. சூரியன் இறங்க ரெண்டு மணி நேரமாவது ஆகும்.”

“விமானத்துல ஜெபமா? இறக்கி விட்ருவாங்க,” என்றார் லயனல்.

“நடுக்கடல்லயா?” என்றாள் டோரா.

ஹெட்டி பப்பாளியை வாயில் போட்டுக்கொண்டாள். “அஞ்சு மணிக்கு எவனும் தூங்கக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடு லயனல்.”

டோரா சொன்னபடியே, ஐந்து மணிக்கு முன்னிருக்கைத் திரையில் குட்டி விமானம் அந்தக் கோட்டைத் தாண்டியது. ஹெட்டி இடுப்புப் பட்டையைக் கழற்றினாள். அதே நேரம் விமானம் குலுங்கியது. தலைக்கு மேல் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஒரு மணி நேரமாகியும் அணையவில்லை. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டே வந்தது.

“உக்காருங்கம்மா, யாரும் எந்திரிக்கக் கூடாது,” என்றாள் பணிப்பெண்.

“சூரியன் இருக்கறப்பவே விளக்கு அணையுமா?”

“சூரியனுக்கும் விளக்குக்கும் என்னம்மா?”

“என் வீட்டுக்காரர் நினைவு நாள். பொழுது சாயறதுக்குள்ள ஒரு ஜெபம் சொல்லணும். பத்துப் பேர் நிக்கணும்.”

“அணைஞ்சா சொல்லுங்க. ஆனா கும்பலா நிக்கக் கூடாது.”

“அவங்கவங்க சீட்டுலயே நிப்பாங்க. எனக்குத் தொண்டை இருக்கு.”

விளக்கு அணைந்தபோது சூரியன் மேக விளிம்பில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. ஹெட்டி எழுந்தாள். பின்வரிசைகளில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். யூத மரபில் ஆட்களை நேராக எண்ணக் கூடாது என்பதால், லயனல் வழக்கம்போல் எண்ணாதது மாதிரி எண்ணினார்: “ஒண்ணு இல்ல, ரெண்டு இல்ல...” பதிமூன்று இல்லை வரை போய்விட்டு, “ரூபனை மட்டும் எழுப்ப முடியல, பரவால்ல, நீங்க ஆரம்பிங்க அண்ணி,” என்றார்.

அவள் சொன்னாள். நிறுத்திய இடங்களிலெல்லாம் முப்பத்தோராம் வரிசையிலிருந்து நாற்பத்திநான்காம் வரிசை வரை ஆமேன் வந்தது. யாரோ முன்பின் தெரியாதவர்களும் ஆமேன் சொன்னார்கள். கடைசி ஆமேன் லயனலுடையது. அது கொஞ்சம் உடைந்திருந்தது.

ஜன்னலில் சிவப்பு நழுவி இறங்கியது.

“அண்ணன் கடைசி நிமிஷத்துல வந்து நிக்கிறார், பாத்தீங்களா,” என்றார் லயனல், கண்ணைத் துடைத்தபடி.

“வந்தார்ல?” ஹெட்டி உட்கார்ந்து பட்டையை மாட்டினாள். “சாப்பாடு வருது. ரூபனை எழுப்பு.”